நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ஊதா மை

இரண்டு பகைப் பல்கலைக்கழகங்களிலும் பதிவாளராகப் பணியாற்றி, இரண்டிலும் அடிபடாமல் ஓய்வுபெற்ற அவைத்தலைவர் அவர்களே! வாரமெல்லாம் பல்லைப் பிடுங்கி, விடுமுறையில் நெஞ்சைப் பிடுங்கும் நூலாசிரியர், பல் மருத்துவர் அம்மையார் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! முன்வரிசை கிடைக்காத பெரியோர்களே! இத்தகைய நாவல்களை மகளிடமிருந்து பறித்து, தாமே படித்து முடிக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

நான் பதிப்பகத்தில் பிரதி திருத்துபவன். என்னை அதிரவைத்த ஒரு பிழையைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

இன்று வெளியாகும் நாவல், ஆங்கிலத்தில் 'டார்க் ரொமான்ஸ்' என்கிறார்களே, அந்தக் காரிருள் காதல் கதை. நம் ஊரைப் போலவே குன்றின்மேல் ஒரு பல்கலைக்கழகம். ஆற்றங்கரையில் ஒரு பல்கலைக்கழகம். மேலே படிப்பவள் ஒரு குற்றக் குடும்பத்தின் மகள். கீழே படிப்பவன் எதிர்க் குடும்பத்தின் மகன். வயது இருபத்தொன்று, கார் ஒன்பது, விமானம் ஒன்று. வகுப்புக்கு எப்போது போனான்? தலைவர் அவர்களே கேட்கிறார்! ஐயா, முந்நூறு பக்கம் தேடினேன். போகவே இல்லை.

எங்கள் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதையில் எந்தத் தொழில் வருகிறதோ, அந்தத் தொழிலில் இருப்பவர் ஒருவருக்கு அச்சேறும் முன் பிரதி போகும். கப்பல் கதை மாலுமிக்குப் போனது. சூப்பில் விஷம் வைத்த கதை சமையற்காரருக்குப் போனது. அப்படியானால் இந்தக் கதை யாருக்குப் போக வேண்டும்? எங்கள் பதிப்பாளர் வழக்கத்தை மீறாதவர். அனுப்பியே விட்டார்!

அந்தத் தொழில் செய்யும் பெரியவரை ஊரில் 'அமைதி' என்பார்கள். அவர் வந்துபோன இடத்தில் அதுதான் மிஞ்சும். சிரிக்காதீர்கள், அவருடைய ஓட்டுநர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். பெரியவரிடமும் அவர் மகளிடமும் அனுமதி வாங்கியே பேசுகிறேன். வாங்காமல் பேசும் வீரம் எங்கள் வம்சத்தில் கிடையாது.

பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தார் பெரியவர். ஓரத்தில் எழுதினார்: 'துப்பாக்கியை முதுகுப்புறம் செருகிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார முடியாது. உட்கார்ந்து பார்த்தேன்.' இன்னொரு பக்கத்தில்: 'ஆளைக் கடத்திய அன்று யாரும் வயலின் வாசிப்பதில்லை. வேலை இருக்கும்.'

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. நூலக அறைக்குள் நாயகன் கதவைப் பூட்டுகிறான். "நீ எனக்குத்தான்" என்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். ஒரு முறையல்ல, இரு முறையல்ல, நான்கு முறை! அவன் சிரித்தபடி சாவியைச் சட்டைப்பையில் போடுகிறான். அத்தியாயத்தின் தலைப்பு, 'காதல் மலர்ந்தது'. இந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை திருத்தினேன். என் கண்ணில் பட்டவை இரண்டு காற்புள்ளிகள்.

பெரியவரின் பென்சில் அங்கே தாளைக் கிழித்திருந்தது. 'நாலு தடவை சொல்லிவிட்டாள். பிறகும் ஏன் கதை நிற்கவில்லை?'

பல்கலைக்கழகம் பற்றித் தமக்குத் தெரியாது என்று, குன்றின்மேல் சட்டம் படிக்கும் மகளிடம் பிரதியைத் தந்திருக்கிறார். அவள் படித்துவிட்டு நேரே எனக்கு அனுப்பினாள். அப்பாவின் பென்சில் வரிக்குக் கீழே ஊதா மையில் இருந்தது: 'நான் அஞ்சு தடவை சொன்னேன்பா. நீங்க தேதி குறிச்சிட்டீங்க.'

அவையோரே, அடுத்த மாதம் அவளுக்குத் திருமணம் என்று ஊருக்கே தெரியும். மாப்பிள்ளை எதிர்க் குடும்பத்து மகன், ஆற்றங்கரையில் படிப்பவன். இரண்டு குடும்பமும் சண்டையை நிறுத்தச் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஊதா வரியை அவள் தந்தை பார்க்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவன்! காட்டினால் என்ன ஆவேன்? காட்டாவிட்டால் அவள் என்ன ஆவாள்?

போனேன். தாளை நீட்டினேன். படித்தார். மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, எப்பம்மா சொன்னே அஞ்சு தடவை?"

"பையனைப் பிடிச்சிருக்கான்னு நீங்க கேட்டப்பல்லாம் வேண்டாம்னேன். நீங்க சிரிச்சீங்க. 'வெக்கப்படுறா'ன்னு சித்தப்பாகிட்ட சொன்னீங்க. அந்தக் கதையில அவனும் சிரிக்கிறான்ல?"

"அவன் அயோக்கியன்மா!"

"நீங்க நல்லவர்தான்பா. அதான் அவளைவிட ஒரு தடவை அதிகமாச் சொன்னேன்."

ஊரை அதட்டிய மனிதர் உட்கார்ந்த இடத்தில் சுருங்கியதைப் பார்த்தேன். என்னைப் பார்த்து, "இதை எழுதுனது யாரு, டாக்டரம்மாவா?" என்றார். "கதையை அவங்க எழுதினாங்க, ஐயா" என்றேன். தேதியைக் குறித்தவர் எதிரிலேயே இருந்தார். அவர் தொலைபேசியை எடுத்தார். "கல்யாணம் நடக்காதுங்க. பொண்ணு வேண்டாம்ங்குது. இல்லீங்க, வெக்கமெல்லாம் இல்ல. கேட்டுட்டேன். சண்டைக்கு வர்றதா இருந்தா என்கிட்ட வாங்க" என்றார். துப்பாக்கிச் சத்தத்துக்குத் தயாராக நான் கதவோரம் நகர்ந்தேன். கடைசியில் எதிர்முனையில் மாப்பிள்ளை வீட்டாரின் கிழட்டுக் குரல் ஒன்று கேட்டது. "நாங்க பையனைக் கேக்கவே இல்லையே!"

நூலாசிரியரான பல் மருத்துவர் அம்மையாரிடம் ஓடினேன். "நாற்காலியில உக்காந்தவங்க வேண்டாம்னா இடுக்கியைக் கீழ வெச்சிடுவேன்" என்றார் அவர். "இவனை மட்டும் ஏன் விட்டேன்?" திருத்தினார். இன்று உங்கள் கையில் இருக்கும் நூலில் அவன் கதவைத் திறக்கிறான், அவள் போய்விடுகிறாள், மீதி இருநூறு பக்கமும் அவன்தான் நடுங்குகிறான். கதை நின்றதா? நிற்கவில்லை! அங்கேதான் தொடங்கியது!

குற்றம் செய்து பிழைப்பவர் கண்ட பிழையை, பிழை கண்டு பிழைக்கும் நான் காணவில்லை. கற்பனை அயோக்கியனைக் கண்டு கொதித்தவர், தம் வீட்டுக் கூடத்தில் கேட்ட சொல்லைக் கேட்கவில்லை. காதிருந்து என்ன பயன், அவையோரே? கல்வியிருந்து என்ன பயன்? மகள் சொன்னால் வெட்கம், மகன் சொன்னால் திமிர், மனைவி சொன்னால் கோபம் என்று பெயர் மாற்றிப் பெயர் மாற்றி எத்தனை 'வேண்டாம்'களைப் புதைத்திருக்கிறோம்!

அந்தப் பெண்ணை இந்த மேடைக்கு அழைத்தேன். "வேண்டாம் சார்" என்றாள். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.