கட்டாத சுவருக்கு ஒரு படம்

மானியம் கேட்டு எங்கள் வேளாண்மை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நல்ல செருப்பை வெளியே மறைத்து வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவார்கள். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன் ஐயா. எனக்கு அதில் கோபம் கிடையாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் கள ஆய்வாளராக இருக்க முடியாது; சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம்.

நீங்கள் விசாரிக்கிற அந்தக் கிணற்றுக்காரர் மட்டும் செருப்போடு வந்தார். அதனாலேயே அவர்மேல் சந்தேகம் அதிகமாக இருந்தது.

முதலில் மச்சானைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவியின் அண்ணன், சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். திறந்த கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்ட அரசாங்கம் மானியம் கொடுத்தது. கிணறு வைத்திருப்பவர்களின் பெயர்களை நான் எழுதினேன். சுவர் கட்டியதாக மச்சான் பில் போட்டார். நேரில் பார்த்ததாகக் கையெழுத்து என்னுடையது. யார் சோற்றிலும் நாங்கள் மண் போடவில்லை. சுவர் இல்லாமல் அந்தக் கிணறுகள் தலைமுறை தலைமுறையாக இருக்கத்தானே செய்தன?

அலுவலகப் பக்கமே எட்டிப்பார்க்காத ஆட்களாகப் பார்த்துத்தான் பெயர் எடுத்தோம். அந்தக் கிணற்றுக்காரரும் அப்படித்தான், மனைவி இல்லை, மகள் வெளியூரில். அந்த வெள்ளிக்கிழமை விதை கேட்டு வந்தவரை வழக்கம்போல இரண்டு மணி நேரம் உட்கார வைத்தோம். நாங்கள் செய்த தவறு அதுதான். சும்மா இருக்கத் தெரியாத மனிதர், சுவரில் ஒட்டியிருந்த பயனாளிகள் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டார்.

"தம்பி, என் கிணத்துக்குச் சுவர் கட்டியாச்சுன்னு போட்டிருக்கே. நேத்துக்கூட என் ஆட்டுக்குட்டி உள்ள விழப் பாத்துச்சு" என்றார், சிரித்தபடியே. உண்மையைச் சிரித்துக்கொண்டு சொல்கிறவனுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும்.

"தப்பா ஏறியிருக்கும்ணே. நான் வந்து சரி பண்றேன்."

"திங்கக்கிழமை பெரிய அதிகாரி வர்றாராமே. அவர்கிட்டயே ஒரு மனு குடுத்துடறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

என் அலைச்சலைப் பற்றி அதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை. அது மிரட்டலா, அக்கறையா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேலை போகும், மச்சான் உள்ளே போவார், என் மனைவி என் முகத்தில் விழிக்கமாட்டாள். அவருக்கு என்ன நஷ்டம்? ஒரு சுவர்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் தோட்டத்துக்குப் போனேன். சுவர் இல்லாததைப் படம் எடுத்து அனுப்பினால் உடனே கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்றேன். பயனாளி கிணற்றோடு நிற்கும் படம் இல்லாமல் எந்தக் கோப்பும் நகராது. அது விதி, நான் கண்டுபிடித்ததல்ல. மனிதர் நெகிழ்ந்துபோனார்.

"லீவு நாள்லகூட எனக்காக வந்திருக்கீங்களே. இருங்க, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்துடறேன்."

தலையும் வாரிக்கொண்டு வந்தார். கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். மூன்று வருடமாக மழை இல்லை. அடியில் வெறும் பாறை.

"கிணறு முழுசாத் தெரியலண்ணே. ஒரு எட்டு பின்னால போங்க."

போனார்.

"இன்னும் கொஞ்சம். திரும்பாதீங்க, முகம் தெரியணும். என்னையே பாருங்க, நான் சொல்றேன்ல."

"சிரிக்கணுமா தம்பி?"

"சிரிங்கண்ணே. இன்னும் ஒரே ஒரு எட்டு."

நான் அவரைத் தொடவில்லை ஐயா. ஆறடி தள்ளி நின்றேன். அங்கே ஒரு சுவர் இருந்திருந்தால் முதுகில் இடித்திருக்கும், அவரே நின்றிருப்பார். கால் தவறி விழுந்தார் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் நான் அழித்துவிட்டதாக நினைத்து, அந்தப் படங்களை மீட்பதற்காக என் போனை எங்கோ அனுப்பியிருக்கிறீர்களாம். அந்தச் சிரமம் வேண்டாம். நான் எதையும் அழிக்கவில்லை. கேமராவைத் திறக்கவே இல்லை.