மூடுபனி, பயிற்சி இல்லை

— 'ஆகஸ்ட் 17, ஞாயிறு. நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. மூன்றாவது செட்டின் புள்ளியை 15–9 என்று எழுதாமல் 25–9 என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தியிருக்கிறேன். இன்று கவுஞ்சியில் மூடுபனி. பயிற்சி இல்லை.' ஏன் சிவா, டீக்கடைக்கு வந்து முக்கால் மணி நேரமா இதத்தான் எழுதிட்டு இருந்தியா?

— தப்புன்னா தப்புதானக்கா. எழுதி வைக்கணும்ல.

— உனக்கு சிவமுருகன்னு பேரு வச்சதுக்கு ரிஜிஸ்டர் முருகன்னு வச்சிருக்கலாம். டீயக் குடி, ஆறுது.

— குடிக்கிறேன். இந்தாங்க, அறிக்கை. கீழ சங்கச் செயலாளர்னு போட்ட எடத்துல 'மஹீரா'ன்னு ஒரு கையெழுத்து. நாளைக்குக் காலையில அனுப்பிரலாம்.

— மொதல்ல என்ன எழுதியிருக்கேன்னு சொல்லு. உன் கையெழுத்துல இன்னொரு பக்கம் படிச்சா எனக்குத் தலை வலிக்கும்.

— மூணு வாலிபால் மையத்துல ஒண்ண மூடணும்னு எழுதியிருக்கேன். பள்ளங்கி பக்கம், நானே போயிருவேன். பூண்டியில ராஜமுருகன் சார் அங்கேயே குடியிருக்காரு, நான் போகாட்டியும் அவரு பிள்ளைங்கள ஆட விட்டுருவாரு. கவுஞ்சிக்குத்தான் ஆளு இல்ல. அங்க உள்ள கம்பத்தையும் நெட்டையும் பள்ளங்கிக்குக் கொண்டுவந்திரலாம்.

— நேத்து பள்ளங்கிய ஜெயிச்ச டீமையா மூடுற?

— ஒரு மேட்ச வச்சு முடிவெடுக்க முடியாதுக்கா. பாதி நாள்கூடப் பயிற்சி நடக்காத மையம் நெலைக்காதுன்னு மே மாசமே விதி எழுதி வச்சிருக்கேன். கவுஞ்சிக்குப் புதனும் ஞாயிறும். ஜூன்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் இருபத்து மூணு நாள். நடந்தது ஒம்பது. மிச்சம் பதினாலும் மூடுபனி. பூம்பாறை தாண்டி பைக் ஓட்ட முடியாமத் திரும்பிட்டேன்.

— நீ திரும்பிட்ட, சரி.

— நான் வேற மாதிரி ஏதாச்சும் செஞ்சிருக்கலாம். அதுவும் மனசுல இருக்கு. ஆனா கணக்கு அதுதான்.

— கையெழுத்துக்கு முன்னாடி ஒரு டவுட். நேத்து மூணாவது செட்டுல திடீர்னு மிஸ்ட் எறங்குச்சா. ரெஃப்ரி ஸ்டாண்டுல நின்ன எனக்கே கோர்ட்டோட பின்னாடிக் கோடு தெரியல. பள்ளங்கிப் பிள்ளைங்க பந்த எங்க எங்கன்னு தேடுச்சுங்க. கவுஞ்சி டீம் தேடவே இல்ல. அத நீ பாத்தியா?

— பாத்தேன். குறிச்சும் வச்சிருக்கேன். 'கவுஞ்சி: ஆட்டத்தின்போது கத்தல் அதிகம். ஒழுங்கு தேவை.'

— என்ன கத்துனாங்கன்னு குறிச்சியா?

— இல்ல.

— பேரு. பந்தத் தொடுறவ, அடுத்து யாருக்குப் போகுதோ அவ பேரச் சொல்றா. புவனான்னு சத்தம் வருது, புவனா கைய நீட்டுறா, பந்து அங்க வருது. ஒவ்வொரு பந்துக்கும் அப்படி. நீ சொல்லிக் குடுத்தியா?

— இல்லக்கா. பந்துக்குப் போறவ 'எனக்கு'ன்னு சொல்லணும்னுதான் சொல்லிக் குடுத்தேன்.

— நான் காலேஜ் டீம்ல மூணு வருசம் செட்டர். எனக்கே யாரும் இத சொல்லித் தரல. நல்ல வெயில்ல ஆடுறவளுக்கு இது தோணாது சிவா. பேனாவ மூடி வை. கேப்டனுக்கு போன் போடு, ஸ்பீக்கர்ல.

— புவனா நம்பர்... இந்தா இருக்கு. அடிக்குது.

— அலோ. புவனா இப்பப் பேச மாட்டா. என்ன சோலின்னு வெரசாச் சொல்லுங்க.

— நான் வாலிபால் கோச் சிவமுருகன் பேசுறேன். புவனா எங்கம்மா?

— சாரா? அவ... அந்தப் பக்கம் நிக்கா சார்.

— இரு சிவா, நான் கேக்குறேன். நான் மஹீராம்மா, நேத்து மேட்சுக்கு விசில் ஊதுனவ. பின்னாடி என்ன சத்தம்? ஜெயா, புவனா, ஜெயான்னு கேக்குதே. அங்க மிஸ்ட் இல்லையா?

— மேகமா? கைய நீட்டுனா கை தெரியல.

— அப்ப ஆடிட்டு இருக்கீங்க.

— சார், வைய மாட்டீங்கல்ல? புதுப் பந்து எதையும் தொடல, அது நீங்க பூட்டி வச்ச எடத்துலயே கெடக்கு. கிழிஞ்சிருச்சுன்னு ரெண்டு பந்த ஓரமாப் போட்டீங்கல்ல, அத நான் கோணி ஊசியில தச்சேன். கம்பமும் நெட்டும் மட்டுந்தான் உங்களோடது.

— வையலம்மா. எத்தன நாளா இப்படி?

— மேகம் எறங்குற புதனும் ஞாயிறும். நாலரைக்கு. நீங்க வர மாட்டீங்கன்னு தெரிஞ்சா ஆரம்பிச்சிருவோம். எத்தன நாள்னு நாங்க எண்ணல சார்.

— பதினாலு.

— நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— பேரச் சொல்லிப் போடுறத யாரு சொன்னா?

— நாந்தான். எங்கய்யா பொன்னுச்சாமி லோடுமேன் சார். கீழ இருந்து கேரட் மூட்டைய வீசுறவுக, லாரி மேல நிக்கிறவுக பேரச் சொல்லித்தான் வீசணும். சொல்லாம வீசுனா நெஞ்சுல விழுகும். மொத நாளு மேகத்துல ஜெயாவுக்கு மூக்குல பந்து பட்டுருச்சு. அதான், நம்மளும் பேரச் சொல்லிப் போடுவோம்னேன்.

— உன் பேரு என்னம்மா?

— சண்முகப்பிரியா.

— என்ன சிவா, எந்தப் பக்கத்தப் பொரட்டுற?

— 'ஜூன் 30, திங்கள். சண்முகப்பிரியா, வயது 17. பெயர் கொடுத்த நாளுக்குப் பிறகு வருகை பூஜ்யம். காரணம் தெரியவில்லை. பட்டியலிலிருந்து நீக்கம்.'

— பேர எடுத்துட்டீங்கன்னு புவனா சொன்னா சார். அதான் நேத்து மேட்சுக்கு நான் வேன்ல ஏறல.

— ஒரு நாள்கூட ஏம்மா வரல? ஆள் அனுப்பியாச்சும் சொல்லியிருக்கலாம்ல.

— என்னன்னு சொல்ல? வானம் தெளிஞ்சா நீங்க வருவீக. லாரியும் வரும். நீங்க விசில் அடிக்கிற நேரத்துல நான் மூட்டை தச்சுக்கிட்டு இருப்பேன். அங்க இருந்து விசில் நல்லாக் கேக்கும். மேகம் எறங்குனா லாரி ஏறாது. அன்னைக்குத்தான் எனக்குச் சோலி இல்ல.

— அன்னைக்கு நானும் வர மாட்டேன்.

— ஆமா சார். அது சரி, கம்பத்தப் புடுங்கப் போறதாப் பேசிக்கிறாக. நெசமா?

— சொல்லு சிவா. பிள்ள கேக்குதுல்ல.

— அறிக்கை இன்னும் போகலம்மா.

— போகாட்டி நல்லது. வச்சிரட்டா? இவளுக ரெண்டு பேரு ஒரே எடத்துல போயி நிக்காளுக.

— வைம்மா.

— வச்சிட்டா. 'கவுஞ்சிக்கு ஆளு இல்ல'ன்னு எழுதுனத என்ன பண்ணப் போற, ரிஜிஸ்டர் முருகா?

— அறிக்கையக் குடுங்கக்கா. அது மட்டும் இல்ல. பதினாலு நாள் 'பயிற்சி இல்லை'ன்னு எழுதியிருக்கேன். பதினாலும் தப்பு. 'நான் இல்லை'ன்னு எழுதியிருக்கணும்.

— இன்னைக்குள்ளதையும் சேத்துத் திருத்து. காலையில அறிக்கைய அனுப்பணும்னு சொன்னியே, இப்ப நாளைக்கு என்ன வேலை?

— எழுதுறேன். 'ஆகஸ்ட் 18, திங்கள். செய்ய வேண்டியது: பைக் வேண்டாம், காலைப் பஸ்ஸில் கவுஞ்சி போக வேண்டும். பந்து அறைச் சாவியைச் சண்முகப்பிரியாவிடம் கொடுக்க வேண்டும். மூடுபனி இறங்கும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும்.'