கீழ்ப்பள்ளத்துத் தகரம்

ஐயா, உங்கள் தலைக்கு மேல் ஓடும் கடிகாரத்தின் சத்தம் நான் சொன்ன பிறகுதான் உங்களுக்குக் கேட்கிறது. அது உங்கள் குற்றமில்லை. தினமும் கேட்கிற சத்தத்தைக் காது ஒரு நாள் கைவிட்டுவிடும். பர்கூர்ப் பக்கம் கல்குவாரியில் வேட்டு வைக்கிறவன் நான். எனக்கு இது தெரியும்.

எங்கள் வழக்கம் எளிது. திரியில் நெருப்பு வைப்பதற்கு முன் பள்ளத்தின் விளிம்பில் நின்று தகரத்தைத் தட்டுவேன். கீழே இருப்பவர்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். கீழ்ப்பள்ளத்தில் முனிவேலும் அவன் மனைவி மாரம்மாவும் மட்டும் கல் உடைத்தார்கள். மாரம்மா என் தங்கை.

முனிவேல் அவளை அடிப்பான். ஒருமுறை சுத்தியல் பிடியால் அடித்து விரலை முறித்தான். "கோவம் வந்தா அவருக்குக் கை நிக்கறதில்லணா. அப்பறம் அவரே அழுவறாரு," என்றாள். எனக்குக் கை நிற்கும். அன்றும் நான் அவனைத் தொடவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷ மழைக்காலம் முழுதும் வேட்டு இல்லாத நேரங்களில் தகரம் தட்டினேன். ஏறி வந்தார்கள். வெடிமருந்து ஈரம் என்றேன், இறங்கிப் போனார்கள். உண்மையான வேட்டு அவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் வைத்தேன். உடைத்த கல்லுக்குத்தான் கூலி. சும்மா ஏறி இறங்கினால் அடுப்பு எரியாது. நாளடைவில் முனிவேல் பாதி வழியில் நின்று பார்த்தான். பிறகு தலையை மட்டும் தூக்கினான். "மச்சானுக்கு வேற வேல இல்ல. நீ கல்ல ஒட," என்று அவளிடம் சிரித்தான். தை பிறந்தபோது, தகரம் தட்டினாலும் அவன் சுத்தியல் ஓங்கிய கை நிற்கவேயில்லை.

அன்று மாரம்மாவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினேன். வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றி, முதலில் திரியைப் பற்றவைத்தேன். பிறகு தகரத்தைப் பலமாகவே தட்டினேன். அவன் நிமிரவில்லை.

அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். எதிர்ப்பக்கத்துப் பாதையில் குடத்தை இடுப்பில் வைத்து நிதானமாக இறங்கினாள். தகரம் அவளுக்கும் கேட்கவில்லை. அவன் காதையே கவனித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் இருந்த காதை மறந்திருக்கிறேன்.

விடாமல் தட்டினேன். பாறை சரிந்தது. இருவரையும் சேர்த்தே எடுத்தார்கள். லாக்கப்பில் அந்தத் தகரம் இன்னும் ஓயவில்லை. இதை மட்டும் என் காது கைவிட மாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது, ஐயா.

பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். திரி நீளமானதுதான், நேரம் இருந்தது. இத்தனையும் அவளுக்காகத்தான் செய்தேன். ஆனால் கூப்பிட்டிருந்தால் அவனும் நிமிர்ந்து பார்த்திருப்பான்.