புரட்டாசியில் பத்து மாத்திரை

ஆவடி போகும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே இருவர். ஒல்லியானவர் அம்பத்தூரில் ஏறியதிலிருந்து நான்கு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பருத்த நண்பர் அவருடைய மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். பத்தும் அப்படியே இருந்தன, நானும் எண்ணினேன்.

“இன்னா மாமே, ஒண்ணுகூட முழுங்கல?”

“அதுக்குள்ள பாக்டீரியா கீதாம், உசுரோட. வயித்துக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. புரட்டாசில உசுர எப்படி துன்றது? மாசம் முடியட்டும்.”

“எத்தினி நாளா வயிறு போவுது?”

“அஞ்சு நாளா. காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்ட்டதுலேர்ந்து.”

“இன்னா துன்ற?”

“தயிர் சோறுதான். சனிக்கிழம கோயில்லயும் அதான் குடுத்தாங்க.”

“பால் எப்படி மாமே தயிராவுது? அதுலயும் பாக்டீரியாதான், உசுரோட. பெருமாளே கோடி உசுர வாரிக் குடுத்துகினு கீறாரு. நீ பத்து மாத்திரைக்கு விரதம் இருக்குறியா?”

ஒல்லியானவர் பதில் யோசித்தார். அதற்குள் ஐந்தாம் முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆவடிக்கு இன்னும் ஒரு நிலையம் இருக்கும்போதே அண்ணனூரில் இறங்கி ஓடினார்.

கையில் தங்கிவிட்ட அட்டையை நண்பர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதெல்லாம் உசுரோட சௌக்கியமாத்தான் கீது. இவன்தான் செத்துகினு கீறான்.”