சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

நான் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் குடிப்பேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் நீட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் இருந்தால் கொடுங்கள், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தையல் கூடத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பாட்டில். அடையாளத்துக்குக் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் சுற்றியிருப்போம். ஜன்னலோரம் வரிசையாக வெயிலில் காயும். கீறல் விழுந்து வெளுத்துப்போனாலும் தூக்கிப்போட ஒருத்திக்கும் மனசு வராது. சூடேறினால் பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனம் தண்ணீரில் இறங்கும், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். எனக்கு 'பாட்டில் டாக்டர்' என்று பேர் வைத்ததுதான் மிச்சம்.

சிவப்பு நூல் என் தங்கச்சியுடையது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அதைத் தூக்கி மாமியாரிடம் கொடுத்துவிட்டாள்.

"உன் பேச்சக் கேட்டா பச்சத்தண்ணிகூடத் தொண்டையில இறங்காதுக்கா. ஊரே இதுலதான் குடிக்குது. எல்லாரும் செத்தா போயிட்டாங்க?" என்றாள். கூடமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

சொன்னால் கேட்காதவளுக்குக் காட்டித்தானே புரியவைக்க வேண்டும்? துணியில் கறை எடுக்க வைத்திருந்த மருந்தில் கொஞ்சம் அவள் பாட்டிலில் விட்டேன். ஆமாம், நான்தான். ஒரு வாய் குடிப்பாள், கசக்கும், துப்பிவிட்டுப் பாட்டிலைக் குப்பையில் எறிவாள் என்று நினைத்தேன். அவள் துப்பவில்லை. மசக்கையில் அவளுக்கு எந்தத் தண்ணீரும் கசந்துகொண்டிருந்ததாம். இதுவும் அந்தக் கசப்புதான் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுசையும் குடித்திருக்கிறாள். நிறையத் தண்ணீர் குடி, நிறையத் தண்ணீர் குடி என்று தினமும் நச்சரித்தவளும் நான்தான். எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. மசக்கையில் வாய் அப்படிக் கசக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பிள்ளை தங்கவில்லை. அன்றைக்கு முழுக்கப் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். அழுதேன். அதற்காக மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பாட்டில் சிறுகச் சிறுகச் செய்யப்போனதைத்தான் நான் முன்கூட்டிக் காட்டினேன். நம்பாவிட்டால் கூடத்தில் போய்ப் பாருங்கள். ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில்கூட இல்லை. அங்கே இன்னும் இரண்டு பேர் உண்டாகியிருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் நன்றாகப் பிறக்கும். அதை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

தங்கச்சியை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது. புது எவர்சில்வர் பாட்டிலில் காய்ச்சின தண்ணீர் கொண்டுபோனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடையில் விற்கிற, மூடி உடைக்காத பாட்டில்தான் வேண்டுமாம். அதையும் அவள் கண்ணெதிரே திறக்க வேண்டுமாம். இவ்வளவு பட்ட பிறகும் அந்தப் பிளாஸ்டிக்கை விடமாட்டேன் என்கிறாள், பாருங்கள்.