மூன்றாம் கண்ணில் பதினொரு நிமிடம்

பேஸ் கிட்டார் வாசிப்பவனை யாரும் கவனிப்பதில்லை, மேடம். மேடையில் அப்படி ஒரு ஆள் நிற்பதே பலருக்குத் தெரியாது. வாசிப்பதை நிறுத்தினால்தான், காலடியில் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. டீ வேண்டாம். வெந்நீர் இருந்தால் போதும்.

முழுப்பெயர் வெங்கட்ராகவன். வயது நாற்பத்தொன்று. பாசனத் துறையில் செக்‌ஷன் இன்ஜினியர். இதெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். பேண்டைப் பற்றிக் கேட்டீர்கள், அதைச் சொல்கிறேன். அதைச் சொன்னால் மற்றது தானாக வந்துவிடும்.

தஞ்சாவூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது நாலு பேராக ஆரம்பித்தோம். நான், கிட்டாருக்கு ஃபாஜில், பாட மதுவந்தி, டிரம்ஸுக்குத் தமிழ்மாறன். கூற்றம் என்று பேர் வைத்தது மதுவந்தி. சோழர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்த நிலப்பகுதியை அப்படிச் சொல்வார்களாம். எமனுக்கும் அதுதான் பேர். ஹெவி மெட்டல் பேண்டுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றாள். பத்து வருஷம் கர்நாடக சங்கீதம் படித்தவள், மைக் முன்னால் நின்று அடித்தொண்டையிலிருந்து உறுமினால் முன்வரிசை இரண்டடி பின்னால் போகும்.

எங்கள் குடும்பத்துப் பழைய ரைஸ் மில் குடோனில் ரிகர்சல். சாவி என்னிடம் இருக்கும். போஸ்டரில் என் போன் நம்பர் இருக்கும். வேன் பிடிப்பது, ஒயர் சுருட்டுவது, சாப்பாடு சொல்வது எல்லாம் நான். இருபது வருஷத்தில் கூற்றத்தில் பதினொரு பேர் வாசித்திருக்கிறார்கள். முதல் போஸ்டரிலிருந்து கடைசிப் போஸ்டர் வரை இருக்கிற ஒரே முகம் என்னுடையது.

முதலில் போனவன் ஃபாஜில். ஐந்தாவது வருஷம், பாட்டெல்லாம் இனி நானே எழுதுகிறேன் என்று ஆரம்பித்தான். நன்றாகத்தான் எழுதினான், அதைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு வெள்ளிக்கிழமை கூத்தாநல்லூருக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா மீரா உசேன் தங்கமான மனுஷன். சாப்பிடாமல் விடவில்லை. ஃபாஜிலுக்கு இன்னும் ஒன்பது அரியர் இருக்கிறது, டிகிரி வாங்கவில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எங்கிட்ட மறைச்சிட்டானே தம்பி. நீங்களாவது சொன்னீங்களே."

இரண்டே மாதத்தில் அவனை மலேசியாவில் மாமா கடைக்கு அனுப்பிவிட்டார். திருச்சி ஏர்போர்ட்டில் நான்தான் வழியனுப்பினேன். இரண்டு பேரும் அழுதோம். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மதுவந்தி விஷயமும் அப்படித்தான். சென்னையிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் போஸ்டரைப் பார்த்து என் நம்பருக்குக் கூப்பிட்டார். உங்கள் பாடகி எங்களுக்கு வேண்டும், பேச முடியுமா என்றார். அவர் இப்போது பாடுவதில்லை என்றேன். அந்த வாரம் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் திரும்பக் கூப்பிடவில்லை. மது யார் மூலமாகவோ அந்த ஸ்டூடியோ பற்றிக் கேள்விப்பட்டு நாலு மாதம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் பாட்டிலேயே மனசு விட்டுப்போய், கல்யாணம் செய்துகொண்டு கும்பகோணம் போனாள். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவாள்.

அவர்கள் இடத்தில் வேறு ஆட்கள் வந்தார்கள். போஸ்டரில் பெயர் மாறியது, அவ்வளவுதான். கூட்டத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் டிரம்ஸ் அப்படி இல்லை, மேடம். பேஸ் வாசிப்பவன் காது கிட்டாரில் இருக்காது. டிரம்மரின் வலது காலில் இருக்கும். தமிழ்மாறனின் காலை நான் பத்து வருஷம் கேட்டிருக்கிறேன். அவன் அடிக்கப்போவது எனக்கு முன்கூட்டியே தெரியும். என் மனைவி ஷைலஜா, நீங்கள் கட்டிக்கொண்டிருக்க வேண்டியது அவரை என்பாள், சிரிக்காமல்.

அவன் எங்கள் ஊர்க்காரன். அவன் தாத்தா எங்கள் தாத்தாவின் நிலத்தில் வேலை பார்த்தவர். பிற்பாடு அந்த நிலத்தில் ஒன்றரை ஏக்கரை அவன் அப்பாவே வாங்கினார். அதைப் பற்றியெல்லாம் எங்களுக்குள் பேச்சே வந்ததில்லை. நான் அப்படிப் பார்க்கிறவன் இல்லை. காலேஜ் என்.சி.சி. பேண்டில் சைடு டிரம் அடித்துக்கொண்டிருந்தவனைக் கூட்டிவந்து, இந்தா இது உனக்கு என்று முழு செட்டுக்கு முன்னால் உட்காரவைத்தது நான்.

பத்து வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்டில், ரிகர்சல் முடிந்து ஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"ராகவா, பெங்களூர்ல ஒரு பேண்டுல கூப்புடுறாங்கடா. வெளிநாடெல்லாம் சுத்துறாங்க. போலாம்னு இருக்கேன்."

"எப்ப?"

"அடுத்த மாசம். உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன். வீட்ல தங்கச்சி மதிக்குக்கூட இன்னும் சொல்லல. நம்ம ஆல்பத்துக்கு என் பார்ட்டை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன். பயப்படாத."

நான் சந்தோஷம் என்றேன். கட்டிக்கொண்டேன். அவனிடம் அரியர் கிடையாது. அவனைக் கூப்பிடுகிறவர்கள் அவன் நம்பருக்கே கூப்பிட்டார்கள். அவனைப் பற்றி யாரிடமும் போய்ச் சொல்ல எதுவும் இல்லை. அப்படி ஒரு ஆள் அவன்.

கடைசிப் பாட்டை ஆற்றில் பதிவு செய்யலாம் என்பது அவன் யோசனை. என் செக்‌ஷனில் ஒரு பழைய ரெகுலேட்டர் இருக்கிறது, ஆற்றுக்குக் குறுக்கே தண்ணீரைத் தேக்கித் திறந்துவிடுகிற மதகு. ஆறு கண். ஷட்டர் போட்ட ஒவ்வொரு வளைவையும் நாங்கள் கண் என்போம். தண்ணீர் இல்லாத காலத்தில் அந்த வளைவுக்குள் நின்று கை தட்டினால் கோயில் மண்டபத்தில் தட்டினது மாதிரி சத்தம் சுற்றிவரும். அதற்குள் உட்கார்ந்து அடிக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் மேட்டூர் தாமதமாகத்தான் திறந்தார்கள். எங்கள் ஷட்டருக்குத் தண்ணீர் வந்து சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மேல்பக்கம் ஆறடி தேங்கி நின்றது. கீழ்ப்பக்கம் வெறும் சிமெண்டுத் தரை, அதற்கப்புறம் மணல். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் கண்ணுக்குள் டிரம் செட்டை இறக்கினோம், அவனும் நானும் மட்டும். அவனுக்குப் பின்னால் இரும்பு ஷட்டர். அதன் ஓரத்தில் நூல் மாதிரி தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"தண்ணி எப்ப வுடுவீங்க?"

"நான் சொன்னாத்தான் வுடுவாங்க."

"அப்ப சரி" என்று சிரித்தான்.

ரெக்கார்டரோடு நான் கரையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். மைக் ஒயர் அங்கிருந்து கண்ணுக்குள் போயிற்று. சக்கரத்தைச் சுற்றி ஷட்டரை ஏற்றுகிற லஸ்கர் வைரக்கண்ணு மேலே தளத்தில் இருந்தார். தளத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குள் இருப்பது தெரியாது. அதற்கு முன்னால் சோதனைப் பதிவை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருந்தோம், அதனால் டிரம் சத்தத்தை வைத்தும் ஆள் உள்ளே இருக்கிறானா என்று அவருக்குத் தெரியாது. அவன் வாசிக்க ஆரம்பித்தான். மேடம், எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. பத்து வருஷத்தில் அப்படி அவன் வாசித்துக் கேட்டதில்லை. இன்னொரு ஊருக்குப் போகிறவன் வாசிப்பு அது. எதையும் மிச்சம் வைக்கவில்லை. இதை இனிமேல் யாரோ ஒரு பெங்களூர்க்காரன் தினமும் பக்கத்தில் நின்று கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. மனசு ரொம்பத் தெளிவாக இருந்தது. ஒன்பதாவது நிமிஷம் வைரக்கண்ணுக்குப் போன் செய்தேன்.

பதினோராவது நிமிஷம் மூன்றாவது ஷட்டர் ஏறியது. ஒரு அடிதான். ஆறடி ஆழத்துத் தண்ணீர் ஒரு அடி இடுக்கு வழியாக வந்தால் அதன் முன்னால் யானைகூட உட்கார முடியாது. கீழே தண்ணீர் வேகம் குறைவதற்காக சிமெண்டுக் கட்டைகள் நட்டிருப்போம். தலை அதில் பட்டிருக்கிறது. நல்ல நீச்சல்காரன். இரண்டாம் நாள் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஆகாயத்தாமரைக்குள் கிடைத்தான்.

விசாரணையில் போன் செய்தீர்களா என்றார்கள். செய்தேன் என்றேன். எதற்கு என்றார்கள். ஷட்டர் விஷயமாக என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. வைரக்கண்ணு குடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். சார் சொல்லித்தான் ஏற்றினேன் என்று அவர் சொன்னதை ஒருவரும் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. வேலை போயிற்று. மூன்று வருஷம் இருந்தார், அப்புறம் இறந்துவிட்டார். அவர் மனைவி ராமாயி என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் இன்றைக்கும் வண்டியை நிறுத்தும்வரை எதிரே நிற்கும். நின்றுவிட்டுப் போகும்.

அந்தப் பதிவை ஆல்பத்தின் கடைசிப் பாட்டாகப் போட்டேன். 'மூன்றாம் கண்' என்று பேர். தண்ணீர் வருகிற சத்தம் இரண்டு விநாடி இருக்கிறது. எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பாட்டுக்கு அது பொருந்தியிருந்தது. எங்களைத் தெரியாத ஊர்களில்கூட அந்தப் பாட்டைத் தெரியும்.

அடுத்த டிரம்மரைத் தேட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவன் தங்கை மதிவதனி வந்தாள். அண்ணன் ஸ்டிக்கைப் பிடித்துப் பழகியவள். நான் வாசிக்கலாமா ராகவண்ணா என்று கேட்டாள். எட்டு வருஷம் எங்களோடு வாசித்தாள். நல்ல கை.

சிக்கல் என்னிடம்தான். 'மூன்றாம் கண்' வாசிக்கும்போது மதி ஒன்று அடிப்பாள், என் காதில் இன்னொன்று கேட்கும். முதலில் அந்தப் பாட்டில் மட்டும். அப்புறம் எல்லாப் பாட்டிலும். என் விரல் அவள் காலோடு போகாது, அவன் காலோடு போகும். உங்க டைமிங் இழுக்குது அண்ணா என்று சொல்லிச் சொல்லி எட்டு வருஷத்தில் ஐந்து பேர் விலகினார்கள். அவர்கள் விஷயத்தில் நான் எதுவும் செய்யவில்லை. ரெகுலேட்டரைப் பார்வையிடப் போனால், ஆறு கண்ணிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட, மூன்றாவதில் அந்தக் கால் கேட்கிறது. பதினோராவது நிமிஷத்தில் நிற்பதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று என்று போய்க்கொண்டே இருக்கிறது. முடிவு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவன் இன்னும் முடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மதி, இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றாள். நான் பீரோவிலிருந்து அன்றைக்கு ரெக்கார்டரில் இருந்த மெமரி கார்டை எடுத்துக் கொடுத்தேன். கண்டுபிடித்தது அவள் என்று உங்கள் தாளில் இருக்கிறது. கண்டுபிடிக்கவில்லை, நான்தான் கொடுத்தேன். அதில் இரண்டு டிராக் உண்டு. ஒன்று கண்ணுக்குள் இருந்த மைக். இன்னொன்று ரெக்கார்டரில் இருக்கிற மைக், அது மரத்தடியில் என் பக்கத்தில் இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் அண்ணன் எப்படி வாசித்தான் என்று முழுசாகக் கேட்டால் போகமாட்டாள் என்று நினைத்தேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு குடோன் வாசலில் உட்கார்ந்து கேட்டாள். பதினொரு நிமிஷம். முடிந்ததும் திரும்ப வைத்துக் கேட்டாள். அப்புறம் ஹெட்போனைக் கழற்றினாள்.

"ராகவண்ணா, 'ஏறிட்டாரு, நீ தூக்கு'ன்னு போன்ல சொல்றது யாரு?"

"நான்தான்."

"யாரு ஏறிட்டாருன்னு?"

கீழே தம்பி இருந்தாப்லயே சார் என்று வைரக்கண்ணு கேட்டார், மேடம். அதற்குச் சொன்ன பதில் அது. மேலே ஏறிவிட்டான் என்று. நான் சொன்ன ஒரே பொய்.

"தமிழ்மாறனைத்தான்" என்றேன்.

"அண்ணன் வாசிச்சிக்கிட்டுல்ல இருக்கு" என்றாள். "நீங்க பேசறப்ப பின்னாடி கேக்குதே. வாசிச்சிக்கிட்டுல்ல இருக்கு."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கார்டை எடுத்துத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள். ஸ்டிக்கை அங்கேயே வைத்துவிட்டு வெயிலில் நடந்தே போனாள். அடுத்த ஞாயிறு ரிகர்சலுக்கு வருவாயா என்று கேட்டேன். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

அவனைப் போக விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். போயிருந்தால் கூற்றம் அன்றைக்கே உடைந்திருக்கும். அது நடக்கக்கூடாது என்றுதான் இத்தனையும். மூன்றாவது ஷட்டரைத் தூக்கச் சொன்னது நான். அவன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்துதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காலையில் கிட்டார்க்காரப் பையன் வசிஷ்டும் இனி வரமாட்டேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறான். இப்போது கூற்றத்தில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். ஆனாலும் பேண்டு கலையவில்லை, மேடம்.