கரகரக்கும் சனிக்கிழமைகள்

க்ளெனிஸ் வறுக்கிற ஆட்டுத்தொடை கொஞ்சம் வறண்டுதான் இருக்கும், ஹெட்லி. புதினா சாஸை ஊற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும். ஆனால் சனிக்கிழமை மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற வீடு இந்த டனுண்டா ஊரில் அது ஒன்றுதான். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள், பிறகு அவள் புருஷன் க்ளெமின் ப்ரீ-ஆம்ப்பைப் பற்றிப் பேசலாம். பெட்டியை மேஜையில் வை. குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைக்க வேண்டாம்.

நீ திறந்து பார்த்தது சரிதான். உள்ளே இருப்பது கெட்டுப்போன கெப்பாசிட்டர். அதன் காலில் இருக்கிற சிவப்புச் சொட்டும் நான் வைத்ததுதான். ஈயம் பற்றவைத்து, சோதித்து முடித்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு சொட்டு வைப்பேன். நம் ஆடியோ கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். திருடப் போன வீட்டில் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டு வந்த கதையாகிவிட்டது. அந்த நகப்பூச்சும் க்ளெனிஸ் கொடுத்ததே.

தொடக்கத்தில் அது நிஜமான கோளாறு. க்ளெம்தான் போன் செய்தான்.

"டேய் ரோல்ஃப், வால்யூமைத் திருகினா பேக்கன் பொரியுற சத்தம் வருதுடா. வந்து பாரேன். க்ளெனிஸ் உனக்கும் சேர்த்துச் சமைக்கிறா."

மீட்டரோடு போனேன். பாட்டு இல்லாதபோது வெளியே சுத்தமாகப் பூஜ்யம் காட்ட வேண்டும். கால் வோல்ட் டிசி, ஸ்பீக்கருக்கு ஆகாத நேர்மின்சாரம், காட்டியது. பாட்டை மட்டும் உள்ளே விட்டு டிசியைத் தடுத்து நிறுத்த வேண்டிய கெப்பாசிட்டர், வாயில்காப்போன் தூங்கினதுபோல இரண்டையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என் அப்பா பழைய கார் விற்றவர். வந்தவனிடம் நல்ல வண்டியை முதலிலேயே காட்ட மாட்டார். நானும் காட்டவில்லை. ஒரு சனிக்கிழமை மின்சாரப் பகுதி, அடுத்த சனிக்கிழமை உள்வரும் பகுதி என்று நிதானமாகத் தேடினேன். தேடுகிறவனுக்குச் சோறு போடுவார்கள். கண்டுபிடித்தவனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இனியும் இழுத்தால் என் மூளையைச் சந்தேகிப்பார்கள் என்ற கட்டத்தில் புதியதை மாற்றினேன். க்ளெம் குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகிப் பார்த்துச் சிரித்தான்.

"அப்பாடா. இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல."

நல்ல மனசோடுதான் சொன்னான். அடுத்த சனிக்கிழமை நான் டின்னைத் திறந்து பீன்ஸ் தின்றேன். அதற்கடுத்த சனிக்கிழமை "சும்மா ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்" என்று போய், பழைய கெப்பாசிட்டரையே திரும்ப வைத்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? ப்ரீ-ஆம்ப்பிலிருந்து வருவதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற க்ளெமின் பவர் ஆம்ப், டிசியை வாசலிலேயே நிறுத்திவிடும். கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். சரிசெய்வேன், கெடுப்பேன், சரிசெய்வேன். குளிர்காலம் முழுக்க மூவரும் சந்தோஷமாக இருந்தோம்.

கெடுத்தது அந்த கேரவன்தான். நாட்டின் மறுகோடியில், ப்ரூமில், அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. க்ளெம் விமானத்தில் ஏற மாட்டான். அதனால் காருக்குப் பின்னால் வீட்டையே இழுத்துப் போகலாம் என்று கேரவன் வாங்கினான்.

"கிளப் நாள்ல இந்தச் சனியனை எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டு, வித்துட்டுக் கிளம்புறோம்டா."

"எப்ப திரும்புவீங்க?"

"திரும்பணும்னு தோணினா" என்றாள் க்ளெனிஸ். "நீ வேணா எங்க பின்னாடியே மீட்டரைத் தூக்கிட்டு வாயேன்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குப் பெட்டியை மூடும்போது உள்ளே இருந்தது பழைய கெப்பாசிட்டர். கை தன்பாட்டுக்குச் சிவப்புச் சொட்டும் வைத்துவிட்டது.

மற்றது உனக்குத் தெரியும். கிளப் நாளில் உன் வீட்டு வாசலில் மீட்டரோடு உட்கார்ந்திருந்தது நான். கொண்டுவருகிற பெட்டியை அரைமணி நேரம் சூடாக விட்டு, அளந்து, பச்சை வில்லை ஒட்டினால்தான் உள்ளே போகும் என்பது நம் கிளப்பின் விதி. க்ளெமின் பெட்டி சூடானதும் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. உன் பவர் ஆம்ப் எதையும் நிறுத்தாது, வந்த டிசியை இருபது மடங்காக்கி ஸ்பீக்கரில் கொட்டும். அதுவும் எனக்குத் தெரியும். நான் பச்சை வில்லையை ஒட்டினேன். ஒழுங்காக, மூலை மடங்காமல் ஒட்டினேன்.

உன் கல்யாணத்தைவிட அதிக காலம் தாங்கிய ஸ்பீக்கர்கள் அவை. புகை வந்தபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. எல்லோர் முன்னாலும் க்ளெமை நீ "கொலைகாரப் பாவி" என்றாய். அது கொஞ்சம் அதிகம். நீ கேட்காமலே அவன் கேரவனை விற்று உனக்கு ஈடு செய்தான். பெட்டியையும் உன்னிடமே கொடுத்து, உடைத்துப் போடச் சொன்னான். நீ உடைக்காமல் திறந்திருக்கிறாய்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறாய். சொன்னால் சாப்பாட்டுக்கு எங்கே போவது? அதுவுமில்லாமல் அந்த கேரவனின் கூரை ஒழுகியது. பாதி வழியில் திண்டாடியிருப்பார்கள். பேத்தியின் போட்டோவை ஒவ்வொரு சனிக்கிழமையும் க்ளெனிஸ் காட்டுகிறாள். குழந்தைகள் போட்டோவில் அழுவதில்லை, நாறுவதுமில்லை.

க்ளெம் இப்போது கிளப்புக்கு வருவதில்லை. யாரும் போன் செய்வதுமில்லை. எதைத் தொட்டாலும் தன்னால் கெட்டுவிடும் என்று பயப்படுகிறான், பாவம். மனசு தேறட்டும் என்று நான்தான் பேசிப் பேசிப் புதிதாக ஒரு ப்ரீ-ஆம்ப் கட்டவைத்தேன். அதுவும் கரகரக்கிறது. எங்கே கோளாறு என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை.

நீ அவனிடம் எல்லாவற்றையும் சொல்லு. நான் தடுக்க மாட்டேன். நாளை சனிக்கிழமை. சாப்பாடு முடிந்த பிறகு சொன்னால் போதும். ஆனால் ஒன்று யோசி, ஹெட்லி. நீங்கள் எல்லோரும் அவனைக் கைவிட்டுவிட்டீர்கள். நானும் போகாமல் விட்டால், அந்த மனிதனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?